சாவி யார் கையில்? போல்ஷெவிக்குகள் ஆட்சியைத் தக்கவைத்த விதத்தை ஆறு அமர்வில் படிக்க ஒரு முழு வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வாசகர் வட்டங்களில் ரஷ்யப் புரட்சியை எடுத்தால், பேச்சு பெரும்பாலும், ஜார் போன பிறகு வந்த இடைக்கால அரசு இருந்த குளிர்கால அரண்மனை விழுந்ததோடு முடிந்துவிடும். பிறகு டீ வந்துவிடும். ஆனால் அரண்மனை விழுந்தது ஒரே இரவில். அதைக் கையில் வைத்துக்கொள்ள மூன்றரை வருடம் ஆனது. மறுநாள் காலை யார் சம்பளம் போட்டார்கள், யார் தந்தி அடித்தார்கள், ரயிலுக்கு யார் கொடி காட்டினார்கள் என்று கேட்டால்தான் விஷயம் தொடங்குகிறது.

லெனின் தலைமையில் அந்த அரண்மனையைப் பிடித்த போல்ஷெவிக் கட்சியின் அளவை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 1917 பிப்ரவரியில் போல்ஷெவிக் உறுப்பினர்கள் சுமார் 24,000 பேர். அக்டோபரில், தாராளமாகக் கணக்குப் போட்டாலும், மூன்றரை லட்சம். 2011 கணக்குப்படி திருப்பூர் மாநகராட்சியின் மக்கள்தொகை 8.77 லட்சம், அதில் பாதிகூட வராத ஒரு கூட்டம், சுமார் 15 கோடிப் பேர் வாழ்ந்த நாட்டை ஆளப்போகிறது. எனவே எந்த இடத்திலும் தலை எண்ணி ஜெயிக்க அவர்களால் முடியாது. யார் கையில் எந்தச் சாவி இருக்கிறது, அதை வாங்க என்ன கொடுக்கலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருந்தது. இந்த வழிகாட்டி அந்தச் சாவிகளின் வரிசையிலேயே போகிறது.

தொடங்கும் முன்

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். ஆறு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அன்று வைத்தால் ஆள் வராது. ஞாயிறு காலை நல்லது.

ஒரு சார்ட் பேப்பரில் ரஷ்ய ரயில்பாதை வரைபடம் வேண்டும். பெத்ரோகிராத் (அன்றைய தலைநகர்), மாஸ்கோ, கசான், கீவ், வோல்கா ஆறு, சைபீரியப் பாதை இருந்தால் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு, அதில் நான்கு பத்தி: என்ன சாவி, யார் கையில் இருந்தது, அதற்குக் கொடுத்த விலை, கொடுத்தது பிறகு என்ன ஆனது. நான்காவது பத்தியை எல்லோரும் காலியாக விட்டுவிடுவார்கள். விடக்கூடாது, இந்தப் படிப்பின் சாரமே அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

அடிக்கடி நடக்கும் தப்பு இரண்டு. ஒன்று தேதி. ரஷ்யாவில் 1918 ஜனவரி வரை பழைய நாட்காட்டி. நம்முடையதற்கு 13 நாள் பின்னால் ஓடும். அக்டோபர் 25 என்பது நவம்பர் 7. ஒருவர் பழைய தேதியும் இன்னொருவர் புதிய தேதியும் எழுதினால் எது முதலில் நடந்தது என்பதே தலைகீழாகிவிடும். கீழே 1918 ஜனவரி வரையுள்ள தேதிகள் பழைய கணக்கு, பிப்ரவரியிலிருந்து புதியது. இரண்டாவது தப்பு, முதல் பத்து நிமிடத்திலேயே லெனின் நல்லவரா கெட்டவரா என்று சண்டை தொடங்குவது. அந்தக் கேள்வியைப் பலகையின் மூலையில் எழுதி, ஆறாவது அமர்வுக்கு என்று குறித்துவிடுங்கள். அதற்குள் கேள்வியே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

முதல் அமர்வு: முதல் இரண்டு ஆணைகள்

அரண்மனை விழுந்தது அக்டோபர் 26 அதிகாலை. அன்று இரவே சோவியத்துகளின் (தொழிலாளிகளும் சிப்பாய்களும் தேர்ந்தெடுத்த மன்றங்கள்) மாநாட்டில் இரண்டு ஆணைகள் நிறைவேறின: போரை நிறுத்தப் பேச்சு நடத்துவது, நிலப்பிரபுக்களின் நிலத்தை நஷ்டஈடு இல்லாமல் எடுப்பது. முதலாவது சிப்பாய்க்கு, இரண்டாவது அந்தச் சிப்பாயின் ஊரில் இருக்கும் அப்பனுக்கு.

நில ஆணையைச் சத்தமாக ஒருவர் படிக்கட்டும். அதன் பெரும்பகுதி போல்ஷெவிக்குகள் எழுதியதே இல்லை. 242 உள்ளூர் விவசாயக் கோரிக்கைகளைச் சேர்த்து சோசலிஸ்ட் புரட்சியாளர் கட்சி தயாரித்திருந்த தொகுப்பு அது. போல்ஷெவிக்குகளின் சொந்தத் திட்டம் பெரும் பண்ணைகளைப் பிரிக்காமல் பொதுவில் நடத்துவது. அதை ஓரமாக வைத்துவிட்டு, எதிர்க்கட்சியின் திட்டத்தை அப்படியே எடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். கிராமங்களில் அந்தக் கோடையிலேயே விவசாயிகள் நிலத்தில் இறங்கிவிட்டிருந்தார்கள். அரசு கொடுத்தது நிலமல்ல, பட்டா மாதிரி ஒரு காகிதம். பட்டாவின் அருமையைக் கொங்கு நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதைச் செய்யாதவர்களுக்கு என்ன ஆனது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1919-இல் ஹங்கேரியில் பேலா குன் தலைமையில் அமைந்த சோவியத் அரசு, பெரும் பண்ணைகளைப் பிரித்துக் கொடுக்காமல் அரசுக் கூட்டுப் பண்ணைகளாக வைத்துக்கொண்டது. பல இடங்களில் பழைய மேனேஜரே தொடர்ந்தார். விவசாயிக்கு அந்த ஆட்சி இருந்தாலும் ஒன்று, போனாலும் ஒன்று. ருமேனியப் படை உள்ளே வந்தபோது கிராமத்திலிருந்து கை கொடுக்க ஆள் இல்லை. 133 நாளில் முடிந்தது. 1984-இல் திருப்பூரில் பஞ்சப்படிக்காக நடந்த வேலைநிறுத்தமே 127 நாள் நீடித்தது. ஒரு அரசாங்கம் அதைவிட ஆறு நாள்தான் கூட இருந்திருக்கிறது.

இரண்டாம் அமர்வு: கல்லாப்பெட்டி

இந்த அமர்வுக்கு நேரம் கூட ஒதுக்குங்கள்.

அமைச்சர்களைக் கைது செய்தாகிவிட்டது. ஆனால் அமைச்சரகத்தில் உட்கார்ந்திருந்த ஊழியர்கள் வேலைக்கு வர மறுத்தார்கள். வெளியுறவுத் துறைக்கு அதன் புதிய ஆணையர் (அமைச்சரைப் புதிய அரசு இப்படித்தான் அழைத்தது) த்ரோத்ஸ்கி போய், சமாதான ஆணையை மொழிபெயர்க்கச் சொன்னார். ஊழியர்கள் எழுந்து போய்விட்டார்கள். சமூகநலத் துறைக்குப் போன கொல்லந்தாய் பார்த்தது வெறும் அறைகளையும், சாவி இல்லாத இரும்புப் பெட்டியையும்தான். சாவியைக் கொடுக்கும் வரை சில ஊழியர்களைப் பிடித்து வைக்க வேண்டி வந்தது. தொலைபேசி நிலையத்தை அக்டோபர் 29 அன்று ராணுவப் பள்ளி மாணவர்கள் சில மணி நேரம் பிடித்து வைத்திருந்தார்கள். அதைத் திரும்பப் பிடித்தபோது, இணைப்புக் கொடுக்கும் பெண்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். எந்தக் கம்பியை எந்தத் துளையில் செருகுவது என்று தெரியாத சிப்பாய்களும் தொழிலாளிகளும் பலகை முன் உட்கார்ந்தார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது அரசு வங்கி. கட்டடத்தைச் சுற்றிப் புரட்சிப் படையின் காவல் இருக்கிறது, உள்ளே பணம் இருக்கிறது, ஆனால் எடுக்க முடியவில்லை. வட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "ஏனுங்க, பேங்கே கைக்கு வந்த பொறகு எடுக்கறதுக்கு என்னங்க?" பதில் எந்த மில்லிலும் கணக்கு பார்த்தவருக்குத் தெரியும். கையெழுத்து அதிகாரம் உள்ளவர் ஒப்பாமல் பணத்தை எடுத்தால் அதற்குப் பெயர் கொள்ளை. நாளைக்கு அந்த நோட்டை யார் மதிப்பார்கள் என்ற பயம் வரும். புதிய அரசு சட்டப்படி ஒரு கணக்குத் திறந்து அதிலிருந்து எடுக்க ஆசைப்பட்டது. வங்கி நிர்வாகமோ அப்படி ஓர் அரசையே தெரியாது என்றது.

நவம்பர் 7 அன்று நிதித் துறைக்கு நியமிக்கப்பட்ட மென்ஷின்ஸ்கி, ஆயுதம் தாங்கிய ஆட்களோடும் ராணுவ வாத்தியக் குழுவோடும் போய் 1 கோடி ரூபிள் கேட்டார். வாத்தியம் எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை. வெறுங்கையோடு திரும்பினார். வங்கித் தலைவரை நீக்கி, மிரட்டி, புதிய ஆளைப் போட்டு, நவம்பர் 17 அன்றுதான் 50 லட்சம் ரூபிள் கிடைத்தது. மூட்டையில் கட்டி, புதிய அரசு இயங்கிய ஸ்மோல்னி கட்டடத்துக்குக் கொண்டுவந்து, துணி வைக்கும் அலமாரியில் அடுக்கி, சுற்றி நாற்காலி போட்டு, ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். உலகின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் கஜானா அன்றைக்கு அந்த அலமாரிதான். டிசம்பர் 14 அன்று தனியார் வங்கிகளை ஆயுதக் காவலோடு ஒரே நாளில் பிடித்துத் தேசியமயம் என்று அறிவித்தார்கள். பெட்டக வாடிக்கையாளர்களும் சாவியோடு வந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு போனது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? 1871-இல் பாரிஸ் மக்கள் எழுந்து அமைத்த அரசான பாரிஸ் கம்யூன், பிரான்ஸ் வங்கியைத் தொடாமல் விட்டது. கெஞ்சிக் கொஞ்சம் கடன் வாங்கியது. அதே வங்கி வெர்சாயில் இருந்த எதிரி அரசுக்கு அதைப் போலப் பல மடங்கு கொடுத்தது. கம்யூன் நின்றது 72 நாள். ஸ்மோல்னியில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

இங்கே நான்காவது பத்தியை நிரப்புங்கள். டிசம்பர் 7 அன்று செக்கா என்ற ஒடுக்குமுறை அமைப்பை ஜெர்ஜின்ஸ்கி தலைமையில் உருவாக்கினார்கள். அதற்கு உடனடிக் காரணம் அரசு ஊழியர்களின் பொது வேலைநிறுத்தம் வரப்போகிறது என்ற செய்தி. குமாஸ்தாவின் பூட்டைத் திறக்கச் செய்த கருவி அது. பூட்டு திறந்த பிறகு கருவியைக் கீழே வைக்கவில்லை.

மூன்றாம் அமர்வு: ரயில்

ஈரோடு ஜங்ஷனை யோசியுங்கள். கோவைப் பாதையும் சேலம் பாதையும் கரூர் பாதையும் சந்திக்கும் இடம். அங்கே ஸ்டேஷன் மாஸ்டரும் பாயிண்ட்ஸ்மேன்களும் நாளைக்கு ஒரு நாள் கையை மடித்து உட்கார்ந்தால், சென்னையில் யார் முதலமைச்சர் என்பது கோவைக்குப் பொருளே இல்லாமல் போகும். 1917-இல் ரஷ்யா முழுவதும் இந்த நிலை. ரயில்வே தொழிற்சங்கத்தின் செயற்குழு, சுருக்கமாக விக்ஷெல், போல்ஷெவிக் கையில் இல்லை. எல்லா சோசலிஸ்ட் கட்சிகளும் சேர்ந்த அரசு அமையாவிட்டால் ரயிலை நிறுத்துவோம் என்று அக்டோபர் 29 அன்று கெடு வைத்தது.

வரைபடத்தில் கை வைத்து அந்த வாரத்தை நாள் நாளாகப் பாருங்கள். அக்டோபர் 29: பேச்சுவார்த்தைக்குப் போல்ஷெவிக்குகள் ஆள் அனுப்புகிறார்கள், விழுந்த இடைக்கால அரசின் தலைவர் கெரென்ஸ்கிக்காக வந்த தளபதி கிராஸ்னோவின் கோசாக் படை நகரின் வாசலில், மாஸ்கோவில் தெருச்சண்டை, முடிவு தெரியாது. அக்டோபர் 30: புல்கோவோ மேட்டில் கோசாக்குகள் தோற்றுப் பின்வாங்குகிறார்கள். நவம்பர் 2: மாஸ்கோவும் விழுகிறது. இந்த இரண்டும் முடிந்ததும் பேச்சுவார்த்தை மேசையில் இருந்த இளக்கம் போய்விட்டது. கூட்டணி வேண்டும் என்று சொன்ன சொந்தக் கட்சிக்காரர்களை லெனின் கடுமையாகத் தாக்கினார். நவம்பர் 4 அன்று நான்கு ஆணையர்கள் ராஜினாமா செய்தார்கள். கட்சியின் முன்னணித் தலைவர்கள் காமனேவும் ஜினோவியேவும் மத்தியக் குழுவிலிருந்து விலகினார்கள். விக்ஷெல் கெடுவை நிறைவேற்றவில்லை, ஏனென்றால் கீழே இருந்த தொழிலாளிகள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். சில மாதத்தில் போல்ஷெவிக்குகள் போட்டிச் சங்கம் ஒன்றை உருவாக்கி விக்ஷெலை ஓரங்கட்டினார்கள். நம் ஊர்த் தொழிற்சங்கக்காரர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

ஆனாலும் கிராமத்துக்குப் போக ஒரு முகம் தேவைப்பட்டது. டிசம்பரில், சோசலிஸ்ட் புரட்சியாளர் கட்சியிலிருந்து பிரிந்த இடது சோசலிஸ்ட் புரட்சியாளர்களை அரசில் சேர்த்து விவசாயத் துறையையும் நீதித் துறையையும் கொடுத்தார்கள். அந்தத் துணையோடுதான் அரசியல் நிர்ணய சபையைச் சந்தித்தார்கள். நவம்பர் 12 தொடங்கி நடந்த தேர்தலில் போல்ஷெவிக்குகளுக்கு நான்கில் ஒரு பங்கு ஓட்டுத்தான். சோசலிஸ்ட் புரட்சியாளர்களுக்கு ஏறக்குறைய 40 சதவீதம். ஆனால் பெத்ரோகிராத், மாஸ்கோ, பக்கத்து ராணுவ முகாம்களில் போல்ஷெவிக்கே முதல். சோசலிஸ்ட் புரட்சியாளர்களின் ஓட்டு நாடு முழுக்கப் பரந்து கிடந்தது. துப்பாக்கியும் தந்தியும் இருந்த இடத்தில் போல்ஷெவிக்குகள் முதலிடம். சபை 1918 ஜனவரி 5 அன்று கூடியது. விடிய விடிய நடந்த கூட்டத்தில், காவலர்கள் களைத்துவிட்டார்கள், கலையுங்கள் என்று ஒரு மாலுமி வந்து சொன்னார். மறுநாள் கதவு பூட்டியிருந்தது. அந்தச் சபைக்காக ஊர்வலம் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து பலர் செத்தார்கள். அதில் தொழிலாளிகளும் உண்டு. இதை விட்டுவிட்டுப் படிக்கும் வட்டங்கள் உண்டு. விடாதீர்கள்.

நான்காம் அமர்வு: பிரெஸ்த்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். சமாதானம் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. ஜெர்மனியோடு பேச்சு பிரெஸ்த் நகரில் நடந்தது. ஜெர்மனி கேட்ட விலையோ பெரியது. 1918 பிப்ரவரி 23 அன்று மத்தியக் குழுவில் ஒப்புக்கொள்ள 7 பேர், எதிர்த்து 4 பேர், ஓட்டுப் போடாமல் 4 பேர். பதினைந்தில் ஏழு. மார்ச் 3 அன்று கையெழுத்து. உக்ரைன், போலந்து, பால்டிக் பகுதிகள் போயின; நிலக்கரி, இரும்பில் முக்கால்வாசி அவற்றோடு போனது. தலைநகர் மாஸ்கோவுக்கு மாறியது. நவம்பரில் ஜெர்மனி தோற்றதும் ஒப்பந்தம் செல்லாமல் போனது.

நோட்டில் எழுத வேண்டியது: விலை எட்டு மாத நிலம் மட்டுமல்ல. இடது சோசலிஸ்ட் புரட்சியாளர்கள் இதனால் அரசை விட்டு வெளியேறினார்கள். ஜூலை 6 அன்று ஜெர்மன் தூதரைக் கொன்று எழுச்சிக்கு முயன்றார்கள். ஒரு நாளில் அடக்கப்பட்டார்கள். அதன் பிறகு ஒரே கட்சி.

ஐந்தாம் அமர்வு: ரொட்டியும் துப்பாக்கியும்

ஒரு இட்லியைத் தராசில் வையுங்கள். சுமார் 50 கிராம் இருக்கும். 1918 வசந்தத்தின் மோசமான நாட்களில் பெத்ரோகிராதில் ஒருவருக்கு ஒரு நாள் ரொட்டிப் பங்கு அவ்வளவுதான். இதை வாயால் சொல்வதைவிட மேசையில் வைத்துக் காட்டினால் அமர்வு தானாக நடக்கும்.

ஏன் இப்படி? உக்ரைன் தானியம் இல்லை. பணத்துக்கு மதிப்பில்லை; ஆலையில் ஆணியோ துணியோ தயாராகவில்லை; எனவே தானியம் விற்று விவசாயி வாங்க ஒன்றுமில்லை. நிலம் கிடைத்தவர் தன் மூட்டையைத் தானே வைத்துக்கொண்டார். முதல் அமர்வில் கொடுத்த பட்டா இங்கே வந்து முட்டுகிறது. 1918 மே மாதம் உணவு ஆணையகத்துக்கு சர்வாதிகாரம், ஆயுதம் தாங்கிய தொழிலாளர் குழுக்கள் கிராமத்துக்கு. ஜூன் மாதம் ஏழை விவசாயிகள் குழுக்கள், பக்கத்து வீட்டுக்காரன் எங்கே பதுக்கினான் என்று காட்டிக்கொடுக்க. அந்தக் குழுக்கள் ஊருக்குள் பகையைத்தான் விளைத்தன. வருடம் முடிவதற்குள் கலைக்கப்பட்டன. 1919 ஜனவரியில் மாவட்டவாரியாக அளவு நிர்ணயித்துப் பிடுங்கும் முறை. அரசு பிடித்தது போக, நகரம் தின்ற ரொட்டியில் ஏறக்குறைய பாதி, சட்டத்துக்குப் புறம்பாக முதுகில் மூட்டை சுமந்து ரயிலேறி வந்தவர்கள் கொண்டுவந்தது. பெத்ரோகிராத் 23 லட்சம் பேரிலிருந்து 7 லட்சமாகச் சுருங்கியது. தொழிலாளர் அரசுக்குத் தொழிலாளி இல்லாமல் போனார்.

துப்பாக்கிப் பக்கம் வேறு கணக்கு. புதிய அரசின் படையான செஞ்சேனை (செம்படை) முதலில் தொண்டர் படை, சிப்பாய்களே அதிகாரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அது ஓடியது. படைக்குப் பொறுப்பேற்ற த்ரோத்ஸ்கி தேர்தலை நிறுத்தி, கட்டாய ஆள்சேர்ப்பு வைத்து, ஜார் காலத்து அதிகாரிகளையே திரும்ப எடுத்தார். 1920 வரை ஏறக்குறைய 50,000 பேர். நம்பிக்கை எப்படி? அதிகாரியின் உத்தரவுக்குப் பக்கத்தில் கட்சி ஆணையர் கையெழுத்து இருந்தால்தான் செல்லும். எதிரிப் பக்கம் போனால் குடும்பம் பிணை. 1920 முடிவில் 50 லட்சம் பேர் கொண்ட சேனை. அதில் போரிட்டவர்கள் சிறு பகுதி, தப்பி ஓடியவர்கள் லட்சக்கணக்கில்.

அப்படியும் ஜெயித்தது எப்படி என்பதற்கு வரைபடமே பதில். நடுவில் செம்படை, ரயில்கள் எல்லாம் மாஸ்கோவில் சந்திக்கின்றன. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் படையை மாற்றலாம். போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெண்படைகள் சைபீரியா, தெற்கு, பால்டிக் என்று ஓரங்களில், ஒன்றுக்கொன்று கை எட்டாத தூரத்தில். அவர்கள் வந்த இடங்களில் பழைய நிலச்சொந்தக்காரனும் பின்னாலேயே வந்தான். தானியத்தைப் பிடுங்குகிறவனா, நிலத்தையே பிடுங்குகிறவனா என்று விவசாயி தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வெண்படைகளின் இந்தத் தப்பு இல்லையென்றால், மேலே சொன்ன வித்தைகள் எதுவும் போதியிருக்காது என்பது எங்கள் கணிப்பு.

1918 ஆகஸ்ட் 30 அன்று பெத்ரோகிராத் செக்கா தலைவர் உரித்ஸ்கி கொல்லப்பட்டார், லெனின் சுடப்பட்டுப் பிழைத்தார். செப்டம்பர் 5 அன்று சிவப்பு பயங்கரம் அதிகாரபூர்வ ஆணையானது. செய்த குற்றத்துக்காக அல்லாமல் பிறந்த வர்க்கத்துக்காகவே பிணையாட்கள் சுடப்பட்டார்கள். இரண்டாம் அமர்வில் குமாஸ்தாவுக்காக வந்த கருவியான அதே செக்காதான் இதைச் செய்தது.

ஆறாம் அமர்வு: கட்சியின் சொந்தப் பூட்டு

போர் ஜெயித்தாகிவிட்டது, நடு ரஷ்யாவை மிரட்டும் பெரிய எதிரிப் படை இல்லை. ஆனால் தாம்போவ் மாகாண விவசாயிகள் 1920 ஆகஸ்டிலிருந்தே ஆயிரக்கணக்கில் ஆயுதம் எடுத்திருந்தார்கள், இப்போது பெத்ரோகிராத் ஆலைகளில் வேலைநிறுத்தம், 1921 மார்ச்சில் அந்த நகருக்கு எதிரே கடலில் இருந்த குரோன்ஷ்தாத் கோட்டையின் மாலுமிகள் எழுந்தார்கள். மாலுமிகள் கேட்டது ரகசிய வாக்கெடுப்போடு சோவியத்துகளுக்கு மறு தேர்தல், சோசலிஸ்ட் கட்சிகளுக்குப் பேச்சுரிமை, விவசாயிக்குத் தன் நிலத்தில் உரிமை. 1917-இல் கொடுத்த வாக்குறுதிகளின் பட்டியல்தான். பனி உறைந்த கடல்மேல் படை நடந்து மார்ச் 18-க்குள் கோட்டையைப் பிடித்தது.

அதே நாட்களில் மாஸ்கோவில் கட்சியின் 10-வது மாநாடு. பிரதிநிதிகளில் சுமார் 300 பேர் எழுந்து குரோன்ஷ்தாத் சண்டைக்கே போனார்கள். மாநாடு இரண்டு வேலை செய்தது, இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். மார்ச் 15: தானியப் பறிமுதல் ஒழிந்தது, குறிப்பிட்ட வரி கட்டிவிட்டு மிச்சத்தை விவசாயி விற்கலாம். மார்ச் 16: கட்சிக்குள் கோஷ்டிகளுக்குத் தடை. வெளியே கயிற்றைத் தளர்த்தினால் உள்ளே இறுக்க வேண்டும் என்ற கணக்கு. வரித் தளர்வு வோல்கா பக்கம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. வறட்சியும், விதைத் தானியம்கூட மிஞ்சாத களஞ்சியமும் சேர்ந்து, 1921-22 பஞ்சத்தில் சுமார் 50 லட்சம் பேர் இறந்தார்கள்.

பலகை மூலையில் எழுதி வைத்த கேள்வியை இப்போது எடுக்கலாம். எடுப்பதற்கு முன் எல்லோரும் நான்காவது பத்தியை மேலிருந்து கீழாக ஒரு முறை படியுங்கள்: விவசாயிக்குக் கொடுத்த நிலம், ரயில்காரர்களுக்குச் சொன்ன கூட்டணி, இடது சோசலிஸ்ட் புரட்சியாளர்களுக்குக் கொடுத்த பதவி, மாலுமிக்குச் சொன்ன சோவியத். எதிராளி கையில் சாவி இருந்த வரைக்கும்தான் ஒவ்வொரு பேச்சும் செல்லுபடியானது.

கடைசி வரியாகக் கோஷ்டித் தடைத் தீர்மானத்தின் 7-வது பிரிவை எழுதுங்கள். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் மத்தியக் குழு உறுப்பினரையே வெளியேற்றலாம் என்றது அது. பயன்படாமலே போகும் என்ற நம்பிக்கையில், வெளியிடாமல் ரகசியமாக வைத்தார்கள். 1924 ஜனவரியில்தான் வெளியிட்டார்கள். 1927 அக்டோபரில் த்ரோத்ஸ்கியும் ஜினோவியேவும் மத்தியக் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1921-இல் அந்தத் தடையை ஆதரித்தவர்களில் இருவரும் உண்டு.